படகுக்குப் பணம் வந்தது, தொழிலுக்கு இன்னும் வரவில்லை

ஐந்து நடை நடந்த பிறகு படகுக்கான 10,000 ரூபாய் கணக்கில் ஏறியது. அந்த ஐந்து நடையில் பட்டதை எண்ணூர்ப் பக்கம் இன்னும் அலைகிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் இறங்கியது. வலை கறுத்தது, தொழில் நின்றது. தொழில் போன 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500, படகு 787-க்குத் தலா 10,000 என்று அரசு நிவாரணம் அறிவித்தது. குடும்பப் பணம் சிக்கலில்லாமல் வந்தது. படகுப் பணம்தான் மாட்டிக்கொண்டது.

பதிவுச் சான்று அப்பா பெயரில் இருந்தது. "படகு யார் பேர்ல இருக்கோ அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார் எழுத்தர், தலை நிமிராமல். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது சார் என்றேன். வாரிசுச் சான்றிதழ் கேட்டார். அதோடு போனால், அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டுமாம். முதல் நாளே சொல்லியிருக்கலாம். எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டு, நான்காவது தடவை போய் விசாரித்தால், "உங்க மனுவே இங்க இல்லையே" என்கிறார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போய்ப் புதிதாக மனு கொடுத்து, எண் போட்ட ரசீது வாங்கினேன். அதைக் காட்டியதும் காணாமல் போன மனு அதே மேஜையிலிருந்து வெளியே வந்தது! எங்கே என்ன கொடுத்தாலும் ரசீது இல்லாமல் நகராதீர்கள். படகு இறந்தவர் பெயரில் இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

இன்னொரு விஷயம் எங்கள் குப்பத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. வாங்கியது நிவாரணம், இழப்பீடு இல்லை. தொழில் நின்ற நாட்களின் வருமானத்தைத் தனியாகக் கேட்கலாம். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சட்டத்தில் இழப்பீடு கேட்கக்கூடியவற்றில் தொழில் இழப்பும் இருக்கிறது. பாதிப்பு தொடங்கிய நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் மனு போட வேண்டும். நமக்கு 2028 டிசம்பர் தொடக்கம் வரை. கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் கட்ட வேண்டாம்.

சரி, அந்த மனு போடப் போனேன். மாதம் எவ்வளவு சம்பாதித்தீர்கள், ஆதாரம் எங்கே என்று வக்கீல் கேட்டபோது வாயடைத்துப் போனேன். ஏலத்தில் கையில் காசு வாங்கிப் பழகிய நமக்கு பில் ஏது? மூன்று நாள் தூக்கமில்லை. கடைசியில் காப்பாற்றியது ஐஸ் கடை அண்ணனின் கடன் நோட்டு. நான் தொழிலுக்குப் போன ஒவ்வொரு நாளும் எத்தனை பார் ஐஸ் எடுத்தேன் என்று தேதியோடு எழுதி வைத்திருக்கிறார். புயலுக்கு முன்பு வரிசையாக என் பெயர். அதற்குப் பிறகு பொங்கல் தாண்டியும் ஒரு வரி இல்லை. டீசல் சீட்டு, வலை வாங்கிய பில், வியாபாரி ஜிபேயில் அனுப்பிய பணம் எல்லாம் இப்படித்தான் உதவும். தேடிப் பாருங்கள்.

கறுத்துப்போன வலையை எரித்துவிடாதீர்கள். தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கும் தாளில், படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் வலை மொட்டை மாடியில் சாக்குக்குள் இருக்கிறது. நாற்றம் தாங்கவில்லை என்று அம்மா தினமும் சொல்கிறார். வழக்கு முடியும் வரை அது அங்கேதான் இருக்கும்.