ஒரு தெருவுக்கு ஒரு டன் உப்பு

நம் ஊர் வாசகர் கடைசிவரை படிக்கிற அறிவியல் புனைகதைக்கு விண்கலம் கட்டாயமில்லை. எண்ணூர், காட்டுப்பள்ளி, பெரம்பூர் பக்கம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். நாலைந்தை மாற்றினால் எதனால் எது நடந்தது என்று யாருக்கும் பிடிபடாது.

காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன். கடல்நீரை ஒரு மெல்லிய சவ்வின் வழியே அழுத்தினால் தண்ணீர் மட்டும் மறுபக்கம் போகும், உப்பு இந்தப் பக்கமே தங்கும். அதில் எதை மாற்றலாம்? “அழுத்தமே தேவைப்படாத சவ்வு” என்று எழுதினால் கதை அங்கேயே உடையும். நல்ல தண்ணீர் சவ்வைத் தாண்டி உப்புத் தண்ணீர்ப் பக்கம் போகப் பார்க்கும்; அதைத் தடுக்கத் தேவையான அழுத்தம்தான் சவ்வூடு அழுத்தம். கடல்நீருக்கு அது சுமார் 27 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அதைத் தாண்டி அழுத்தினால்தான் நல்ல தண்ணீர் மறுபக்கம் வரும். ஆலைகளில் 60 பார் அளவுக்கு ஏற்றுகிறார்கள். ஃபிட்டர், வெல்டர், பாய்லர் பார்த்தவர் என்று இருக்கும் வடசென்னை வாசகர் இதை உடனே பிடித்துவிடுவார். “அடைத்துக்கொள்ளாத மலிவான சவ்வு” என்றால் நம்பலாம். அது வந்துவிட்டால் தெருக்குழாயில் கடல்நீரையே விடலாம், அவரவர் வீட்டில் சுத்தம் செய்துகொள்வார்கள்.

அடுத்தது கணக்கு. முதல் வரி எழுதும் முன் இதைப் போட்டே ஆக வேண்டும். ஐந்து பேர் வீட்டுக்கு 20 குடம், குடத்துக்கு 15 லிட்டர், ஆக 300. நூறு லிட்டர் கடல்நீருக்கு 40 லிட்டர் நல்ல தண்ணீர் என்றால் 750 லிட்டர் உள்ளே போக வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. வீட்டுக்கு வீடு நாளுக்கு 26 கிலோ உப்பு, 450 லிட்டர் கழிவுநீரில் கரைந்து வெளியே வரும். 40 வீடுள்ள தெருவில் ஒரு டன்!

இனி அந்த ஒரு டன்னை விடாமல் துரத்துங்கள். காசிமேட்டில் கருவாடு போடுகிறவர்களுக்கு அது சரக்கு. ஹவுசிங் போர்டு கட்டடங்களுக்கு எமன்: குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். சைக்கிள் செயின் சில நாளில் துருப்பிடிக்கும், வாசல் செடி கருகும், பில்லர் வெடிக்க வருஷங்கள் ஆகும். இந்த வரிசையைக் குலைக்காதீர்கள், கதையின் காலக்கணக்கு அதிலேயே கிடைத்துவிடும்.

விளக்கத்தை விஞ்ஞானியின் சொற்பொழிவாக வைக்காமல் சண்டையில் வையுங்கள்.

“யக்கா, உன் வூட்டு உப்புத்தண்ணி எங்க வாசல்ல நிக்குது.”

“கால்வா ரொம்பிப் போச்சு, நான் இன்னா பண்றது?”

கருவி, கழிவு, வடிகால் மூன்றும் வந்துவிட்டன. இந்த வடசென்னைப் பேச்சைச் சிரிப்பு மூட்ட மட்டும் பயன்படுத்துவது பெரிய அநியாயம். 1955 முதல் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை ரயில் பெட்டி செய்கிற பகுதி இது, இயந்திர அறிவு தெருவிலேயே இருக்கிறது. மேலே போட்ட கணக்கை அந்த அக்காவே போடட்டும்.

வரைவு முடிந்ததும் முதலில் ஒரு ஆர்.ஓ. மெக்கானிக்கிடம் படித்துக் காட்டுங்கள். “மோட்டார் இதுக்குத் தாங்காது” என்று அவர் சொல்லும் இடத்தில் குறி போட்டுக்கொள்ளுங்கள். அந்த வரியைத் திருத்துவதா, மோட்டார் எரிவதையே காட்சியாக்குவதா என்று அப்புறம் முடிவு செய்யலாம்.