கால் விட்வொர்த்

அக்டோபர் 4
பழைய எம்.ஜி. டிடி காடியை (பிரிட்டிஷ் கார்) பழுது பார்க்கும் வேலை. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பின் போல்ட் தலைகளில் பாதி மழுங்கிக் கிடக்கின்றன. யாரோ ஒரு புண்ணியவான் 14 மி.மீ. ஸ்பேனரைப் போட்டுத் திருகியிருக்கிறார். இது கால் (1/4) விட்வொர்த் தலை, பழைய பிரிட்டிஷ் அளவு. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 0.525 அங்குலம், 13.34 மி.மீ. 13 ஏறாது. 14 தொளதொளவென்று ஆடி முனைகளைத் தின்றுவிடும்.

அக்டோபர் 5
மழை. பினாங்கு மழையில் திறந்து வைத்த இரும்பு ஒரே ராத்திரியில் சிவந்துவிடும். எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவியாயிற்று.

அக்டோபர் 7
லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குக் காலையிலேயே போவது நல்லது. பழைய பிரிட்டிஷ் ஸ்பேனரில் ஒரே வாயில் 1/4W என்றும் 5/16BS என்றும் சேர்த்துப் பொறித்திருக்கும். W என்றால் விட்வொர்த், BS என்றால் பி.எஸ்.எஃப்., அதாவது பிரிட்டிஷ் நுண்மரை. அந்த எண் வாயின் அகலம் அல்ல, போல்ட் தண்டின் தடிமன். இது தெரியாமல் ஸ்கேல் வைத்து அளந்து, கள்ளச் சரக்கு என்று திருப்பிப் போடுபவர்கள் உண்டு.

துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறினால் போதும். வாய் விரிந்திருக்கிறதா என்பதுதான் பேச்சு. வெர்னியர் அளவி கையோடு இருக்கட்டும். கால் விட்வொர்த் வாய் 0.535 அங்குலத்தைத் தாண்டினால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். 3/16, 1/4, 5/16, 3/8 நான்கும் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும்.

அவசரத்துக்கு 1/4க்கு 17/32 அங்குல ஏ.எஃப். (தலையின் எதிரெதிர்ப் பக்க அகலத்தைச் சொல்லும் ஸ்பேனர்) பொருந்தும், 3/8க்கு 18 மி.மீ. பொருந்தும். 5/16க்கு மாற்றே கிடையாது. அதன் தலை 15.24 மி.மீ., 15 ஏறாது, 16 ஆடும்.

அக்டோபர் 8
சம்ப் போல்ட் பின்வரிசை மூன்றாவது ஓட்டை. மரை போயிருக்கிறது.

அக்டோபர் 10
மறுபடியும் அந்த ஓட்டைதான். ஸ்பேனர் சரியாக உட்கார்ந்தால் போல்ட்டும் சரி என்று நினைப்பதில்தான் வினை. டிடியின் சேசிஸ் (அடிச்சட்டம்) முழுக்க பி.எஸ்.எஃப். மரை, ஆனால் அதன் எக்ஸ்பிஏஜி எஞ்சினுக்குள் மெட்ரிக் மரை. கோவென்ட்ரி எஞ்சின் ஆலை முன்பு பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் கம்பெனியுடையது. 1923இல் மோரிஸ் வாங்கியபோது மெட்ரிக் இயந்திரங்களும் சேர்ந்து வந்தன. மரை பிரெஞ்சு, தலை மட்டும் இங்கிலீஷ்.

அதனால் 8 மி.மீ. எஞ்சின் போல்ட்டுக்கும் 5/16 பி.எஸ்.எஃப். சேசிஸ் போல்ட்டுக்கும் தலை ஒன்று, ஸ்பேனர் ஒன்று. தண்டும் 8க்கு 7.94, கண்ணுக்குத் தெரியாது. மரை மட்டும் வேறு. எஞ்சினில் மரைக்கு மரை இடைவெளி 1.0 மி.மீ., சேசிஸில் அங்குலத்துக்கு 22 மரை, அதாவது 1.155. ஒவ்வொரு சுற்றிலும் 0.155 விலகும். இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் கை இறுகும். அங்கே நிறுத்தாமல் கம்பியைப் போட்டு ஏறி மிதித்தால் பிளாக்கின் மரை போயிற்று. மூன்றாவது ஓட்டையில் நடந்தது அதுதான்.

5/16 யு.என்.எஃப். (அமெரிக்க வழி நுண்மரை) இன்னும் மோசம். விலகல் வெறும் 0.058. ஐந்தாறு சுற்று நல்ல பிள்ளையாக இறங்கிவிட்டு அப்புறம்தான் கழுத்தை அறுக்கும்.

அக்டோபர் 11
மரை கேஜ் (மரையோடு பொருத்திப் பார்க்கும் பல் தகடு) இல்லாமல் இந்தக் காடியைத் தொடக்கூடாது. மரைக் கோணம் 55 டிகிரிக்கும் (பிரிட்டிஷ்) 60 டிகிரிக்கும் (மெட்ரிக், யு.என்.எஃப்.) தனித்தனி செட். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 13
கடையில் 8 மி.மீ. டேப் (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) கேட்டால் 1.25 மி.மீ. மரை இடைவெளி உள்ளதுதான் வரும். தவுக்கேயை (கடை முதலாளியை) குறை சொல்ல முடியாது, ஊரெல்லாம் அதுதான் ஓடுகிறது. "எட்டுக்கு ஒன்று" என்று தாளில் எழுதிக் காட்டி, வாங்கும் இடத்திலேயே கேஜ் வைத்துப் பார்க்கவும்.

அக்டோபர் 14
சாக்கெட் பார்சல் வரவில்லை. ஆறு முனை சாக்கெட் இல்லாமல் மழுங்கிய தலைகளைத் தொடுவதாக இல்லை. பன்னிரண்டு முனை சாக்கெட் மிச்சமிருக்கும் முனையையும் வழித்துவிடும்.

அக்டோபர் 16
போல்ட் கழன்ற ஓட்டைகளில் டேப் விடும் வேலை. டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் அப்பினால் பிசிறு உள்ளே விழாது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இரண்டாவது ஓட்டை சுத்தம். மூன்றாவதில் நான்கு சுற்று நன்றாக இறங்கி, ஐந்தாவதில் நின்றுவிட்டது. கை எடுத்தாயிற்று.

அக்டோபர் 17
மழை. பார்சல் இல்லை. டேப் அப்படியே ஓட்டையில் நிற்கிறது.