முதல் முயற்சியிலேயே திறந்த பூட்டு

வாடிக்கையாளர் ஒருவர் காலையிலேயே அழைத்தார். அவருடைய தளத்தைக் கூகுளில் தேடினால் ஜப்பானிய எழுத்துகளில் கைப்பை விற்கும் பக்கங்கள் வரிசையாக வருகின்றன. அவருக்கும் கைப்பைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தளத்தை நேரே திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தேடுபொறிக்கு ஒரு முகமும் மனிதருக்கு ஒரு முகமும் காட்டுகிற பழைய வித்தை அது. தளத்தின் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவன் நான். பாஸ்வேர்டு வைத்தவனும் நானே.

அந்த நாட்களில் எனக்கு ஒரு சூத்திரம் இருந்தது. தளத்தின் பெயர், அதன் முதல் எழுத்து மட்டும் பெரியது, பிறகு ஓர் அட் குறி, கடைசியில் ஆண்டு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி என்று கேட்டதெல்லாம் வந்துவிடும். ஹோஸ்டிங் பலகத்தில் பாஸ்வேர்டின் வலிமையைக் காட்டும் பட்டையும் பச்சையாகிவிடும். பச்சையைப் பார்த்தால் வேலை முடிந்தது என்று அடுத்ததற்குப் போய்விடுவேன்.

எவனோ ஒருவன் இரவெல்லாம் லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்திருப்பான் என்று எண்ணிக்கொண்டுதான், தளத்துக்குக் கோப்புகளை ஏற்றி இறக்கும் எஃப்டிபி வழியாக யார் யார் நுழைந்தார்கள் என்ற பதிவை, அதாவது லாகைத் திறந்தேன். தோற்ற முயற்சி ஒன்றுகூட இல்லை. அறியாத ஐபி முகவரியிலிருந்து ஒரே ஒரு லாகின், அதுவும் முதல் முறையிலேயே வெற்றி. அவன் எதையும் ஊகிக்கவில்லை. சாவியோடுதான் வந்திருக்கிறான். உண்மையில் அந்த லாகைப் பார்த்தபோது வந்தது பயத்தைவிட வெட்கம்தான்.

சாவி எப்படிப் போனது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ‘ஹாவ் ஐ பீன் ப்வ்ன்ட்’ தளத்தில், ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டுகளில் நம்முடையது இருக்கிறதா என்று பார்க்கலாம். முழு பாஸ்வேர்டையும் அனுப்ப வேண்டியதில்லை. அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஹாஷ் என்ற எழுத்துக்கோவையின் முதல் ஐந்து எழுத்துகள் மட்டும் போகும், மீதி ஒப்பீடு நம் பக்கத்திலேயே நடக்கும். நான் வைத்தது பட்டியலில் இருந்தது. அந்த வாடிக்கையாளருக்காகத் தொடங்கிய வேறொரு சேவைக்கும் இதே பாஸ்வேர்டைத்தான் சோம்பேறித்தனமாகப் போட்டிருந்தேன். அங்கே கசிந்தது இங்கே திறந்துவிட்டது. பட்டை பச்சையாகவே இருந்தாலும், இன்னோர் இடத்தில் அதையே பயன்படுத்தியிருக்கிறேன் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

குறியும் எண்ணும் கட்டாயம் என்ற வழக்கம் பரவியதற்கு அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2004இல் வெளியிட்ட வழிகாட்டி ஒரு முக்கியக் காரணம். அதில் பாஸ்வேர்டு பற்றிய பகுதியை எழுதிய பில் பர், அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017இல் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும் அந்த விதிகளைக் கைவிட்டது. நீளத்தைப் பாருங்கள், கசிந்த பட்டியலோடு ஒப்பிடுங்கள், கசிவுக்கு அறிகுறி இல்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள் என்று சொன்னது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். விசைப்பலகையின் 95 குறிகளிலிருந்தும் குலுக்கி எடுத்த 8 எழுத்தைவிட, வெறும் சிறிய ஆங்கில எழுத்துகளில் குலுக்கி எடுத்த 16 எழுத்துக்கு 65 லட்சம் மடங்கு அதிக சாத்தியங்கள் உண்டு. குலுக்கி எடுத்தால்தான் இது. தளத்தின் பெயரை யாரும் குலுக்கி எடுப்பதில்லை.

இப்போது ஹோஸ்டிங் பாஸ்வேர்டை நான் யோசிப்பதே இல்லை. பாஸ்வேர்டு மேனேஜர் என்ற செயலி 20 எழுத்தில் உருவாக்கித் தந்து, தானே நினைவிலும் வைத்துக்கொள்கிறது, நான் அதைப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. மாதத்துக்கு ஒரு முறை நுழையும் இடத்துக்கு மனப்பாடம் எதற்கு? ஆனால் குறிகள் நிறைந்த பாஸ்வேர்டு சில இடங்களில் காலை வாரும். தளத்தின் தரவு இருக்கும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று வந்துவிட்டால், தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளை வைத்திருக்கும் கான்ஃபிக் கோப்பில் அந்த வரி அங்கேயே முறிந்து தளம் எழாது. ஒரு முறை இதனால் அரை நாள் போனது. அதனால் டேட்டாபேஸுக்கு எழுத்தும் எண்ணும் மட்டும், நீளம் கொஞ்சம் கூடுதலாக.

தொலைபேசியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய பாஸ்வேர்டு தனி ரகம். ‘அது சின்ன l-ஆ, எண் 1-ஆ, பெரிய I-ஆ?’ என்ற விசாரணையை ஒரு முறை நடத்தியவர்களுக்குத் தெரியும். அதற்குச் சொற்களே நல்லது. ஆர்னால்ட் ரெயின்ஹோல்ட் 1995இல் சொன்ன டைஸ்வேர் முறையில், பகடையை ஐந்து முறை உருட்டி 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுக்க வேண்டும். இப்படி ஆறு சொற்கள் எடுத்தால் போதும். பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள் வரியை ஆங்கில எழுத்தில் அடித்தால் நீளமாக வருமே என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. நமக்கு மனப்பாடமானது இன்னும் லட்சம் பேருக்கும் மனப்பாடம்தான்.

அந்தத் தளத்துக்கு வருகிறேன். பலகத்தின் பாஸ்வேர்டை மாற்றியதும் முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கைப்பைகள் திரும்பி வந்தன. உள்ளே வந்தவன் தனக்கென்று ஓர் எஃப்டிபி கணக்கு உருவாக்கி வைத்திருந்தான், அழித்த கோப்பைக் குறித்த நேரத்தில் தானாகத் திரும்ப எழுதும் க்ரான் வேலை ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கான்ஃபிக் கோப்பில் வெளிப்படையாகவே இருப்பதால் அதுவும் அவன் கையில்தான். அப்புறம் எல்லாவற்றையும் மாற்றினேன், மின்னஞ்சல் பெட்டிகள் உட்பட. எஃப்டிபியை மூடிவிட்டு, எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபிக்குப் போனேன், இரண்டாம் படிச் சரிபார்ப்பையும் இயக்கினேன். பாஸ்வேர்டை மீட்கும் கடிதம் வந்து சேரும் மின்னஞ்சலுக்கு முதலில் இதைச் செய்திருக்க வேண்டும். கடைசியில்தான் நினைவு வந்தது.

என் பழைய சூத்திரத்தில் இன்னும் பதினேழு கணக்குகள் இருந்தன. ஒரே இரவில் வரிசையாக உட்கார்ந்து மாற்றினேன். பதினான்காவதில் பழைய பாஸ்வேர்டு ஏற்கவில்லை. நெஞ்சு திக்கென்றது. விடிந்ததும் அந்த வாடிக்கையாளரை அழைத்தேன்.

“அதை நான் போன வருஷமே மாத்திட்டேன் சார்,” என்றார். “நீங்க வெச்சது ரொம்ப லேசா இருந்துச்சு. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லலை.”