பன்னிரண்டாவது பட்டையில் வந்த 60 டிகிரி

ட்ரைஹெக்ஸாஃபிளெக்ஸகன் செய்துகொண்டிருக்கிறேன்: காகிதப் பட்டையை மடித்து ஒட்டிய, புரட்டினால் முகம் மாறும் அறுகோணம். பதினோரு பட்டை குப்பைக்குப் போயிற்று. பன்னிரண்டாவது நேற்று இரவு ஒழுங்காகப் புரண்டது. அறுகோணத்தைக் கிள்ளி, நடுவில் விரித்தால் ஒளிந்திருக்கும் மூன்றாவது முகம் வெளியே வர வேண்டும். வந்தது. இருபது தடவையாவது புரட்டிப் பார்த்திருப்பேன்.

ட்ரைஹெக்ஸாஃபிளெக்ஸகனை எப்படி ஒட்டுவது என்று இங்கே விளக்கப் போவதில்லை. ஒன்பது முக்கோணம், பசைக்கு ஒன்று, ஆகப் பத்து. அதற்கு மேல் உங்களுக்கே தெரியும். என்னைப் படுத்தி எடுத்தது அதற்கு முந்தைய வேலை: பட்டை நெடுக பத்து சமபக்க முக்கோணங்களை ஒரே அளவில் வரவைப்பது.

முதல் நான்கு பட்டைகளில் கோணமானியை நம்பினேன். மூன்று கோணமும் சமம், 180-ஐ மூன்றால் வகுத்தால் 60, ஆறு முனை கூடினால் 360, தட்டையாக உட்காரும். ஏட்டில் எல்லாம் சரி. பென்சில் முனையின் தடிமனே அரை டிகிரி, ஒரு டிகிரியைத் தின்றுவிடுகிறது. ஒவ்வொரு முனையும் 59 ஆனால் கூட்டுத்தொகை 354. மீதி 6 டிகிரி இடைவெளியை இழுத்து ஒட்டினால் கூம்பு. 61 ஆனால் 366. குதிரைச் சேணம் மாதிரி நெளியும். என் மூன்றாவது பட்டை சேணம். நான்காவது ஒரு முகத்தில் அழகாகப் படிந்தது, புரட்டினால் முறைத்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் உறைத்தது: புரட்டும்போது மையத்தில் இருந்த முனை வெளியே போய், வெளியே இருந்த முனை மையத்துக்கு வருகிறது. 58, 61, 61 என்று ஏதோ ஒரு இருசமபக்க முக்கோணத்தை வைத்துக்கொண்டு ஒரு முகத்தில் ஏமாற்றலாம், அடுத்த முகத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பிறகு கோணமானியைத் தூக்கி எறிந்துவிட்டு மடிப்புக்கு மாறினேன். பட்டையின் இடது ஓரத்தில் கண்ணளவில் ஒரு சாய்வு மடிப்பு. பிரிக்க வேண்டும். அந்தக் கோடு மேல் விளிம்பைத் தொடும் புள்ளியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு வலப்புறம் உள்ள மேல் விளிம்பு அந்தக் கோட்டின் மேலேயே படியுமாறு மடிக்க வேண்டும். பிரித்தால் புதுக் கோடு கீழ் விளிம்பில் போய் முடியும். அங்கே கீழ் விளிம்பை அந்தக் கோட்டின் மேல் படியவைத்து மடிப்பு. மேலே ஒன்று, கீழே ஒன்று, அவ்வளவுதான்.

இதில் என்ன விசேஷம் என்றால், ஆரம்பத்தில் நாம் செய்யும் தப்பைப் பட்டை தானே திருத்திக்கொள்கிறது. முதல் கோடு கீழ் விளிம்போடு 52 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விளிம்பும் இணை, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம், ஆகவே மேலேயும் அதே 52. மிச்சம் இருக்கும் 128-ஐ மடிப்பு பாதியாக்குகிறது: 64. அடுத்தது (180 − 64) ÷ 2 = 58. அப்புறம் 61, 59.5, 60.25, 59.875. பிழை ஒவ்வொரு மடிப்பிலும் பாதியாகிறது, ஒரு தடவை கூடுதல், மறு தடவை குறைவு. x = (180 − x) ÷ 2 என்று எழுதினால் 60-ஐத் தவிர வேறு விடையே கிடையாது. 30 டிகிரியில் தொடங்கிப் பார்த்தேன், 75, 52.5, 63.75 என்று ஊசலாடிவிட்டு அதுவும் அங்கேயேதான் வந்து நின்றது. ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் ஷுசோ ஃபுஜிமோட்டோவின் பெயரால் சொல்லப்படும், பட்டையைச் சமபாகங்களாகப் பிரிக்கும் முறையும் இதே குணம் கொண்டதுதான். குத்துமதிப்பாகத் தொடங்கு, பாதியாக்கிக்கொண்டே போ.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஏழு பட்டை வீணானது ஏன் என்று கேட்பீர்கள்.

ஒன்று, பேராசை. 40 மி.மீ. அகலத்தில் வெட்டினேன். பக்கம் 46.2, பத்து முக்கோணத்துக்கு ஐந்தரைப் பக்க நீளம், அதாவது 254 மி.மீ. ஏ4 தாளின் நீளமே 297. மிச்சம் 43-இல் இரண்டு முக்கோணத்தைக்கூட முழுதாக வீணாக்க முடியாது. பிழை அடங்குவதற்குள் பட்டை தீர்ந்துவிடுகிறது. 30 மி.மீ. ஆனால் 190.5 போதும், ஓரத்தில் ஆறு முக்கோணத்தைத் தாராளமாக வெட்டி எறியலாம்.

இன்னொன்று கத்தரிக்கோல். இதில்தான் மூன்று நாள் போயிற்று. பட்டை ஒரு முனையில் 30, மறு முனையில் 32 இருந்திருக்கிறது, கவனிக்கவில்லை. கோணம் கிட்டத்தட்ட சரி, அரை டிகிரிகூட விலகவில்லை. ஆனால் முக்கோணம் போகப்போகப் பெருத்துக்கொண்டே வந்தது. 60 டிகிரி வடிவத்துக்குத்தான் உத்தரவாதம், அளவுக்கு அல்ல. எல்லாம் வடிவொத்தவை, சர்வசமம் அல்ல! இது எட்டாம் வகுப்புப் பாடம். கட்டரும் இரும்பு ஸ்கேலும் வைத்து வெட்டியதும் தீர்ந்தது. சோதிக்க, பட்டையை விசிறி மாதிரி முன்னும் பின்னும் மடித்து அடுக்குகிறேன். எல்லா முக்கோணமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் சரி; விளிம்பில் படிக்கட்டு தெரிந்தால் பசையைத் திறக்கவே வேண்டாம்.

மடிப்பை நகத்தால் அழுத்தாதீர்கள். நகம் கோட்டிலிருந்து மயிரிழை வழுக்கும், முனை கூர்மை இழக்கும். முதலில் முனையை மட்டும் அழுத்திவிட்டு, அங்கிருந்து வெளிப்பக்கமாக ஸ்கேலின் ஓரத்தால் ஒரே இழுப்பு.

நீளப் பட்டைக்கு ஆசைப்பட்டு பில் மெஷின் ரோலையும் முயன்றேன். 57 மி.மீ. அகலம், இரண்டு விளிம்பும் ஆலையிலேயே இணையாக வெட்டி வருகிறது. முதல் மடிப்பிலேயே கறுப்புக் கோடு. வெப்பத்தாளை அழுத்தித் தேய்த்தால் அப்படித்தான். சுருளும் அடங்கவில்லை. சாதாரணக் காகிதத்தில் அதே அகல ரோல் கிடைத்தால் சொல்லுங்கள்.

1939-இல் பிரின்ஸ்டனில் படித்த இங்கிலாந்து மாணவர் ஆர்தர் ஸ்டோன் ஃபிளெக்ஸகனைக் கண்டுபிடித்ததே வெட்டி எறிய வேண்டிய துண்டில்தான். அமெரிக்கத் தாள் அவருடைய இங்கிலாந்து ஃபைலுக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை நறுக்கியிருக்கிறார். என் ஏழு பட்டைகளிலிருந்து எதுவும் பிறக்கவில்லை.

அடுத்தது ஆறு முகம். பத்தொன்பது முக்கோணம், 20 மி.மீ. அகலத்தில் 231 மி.மீ.; ஏ4-க்குள் அடங்கும், பிழைக்கு ஐந்து முக்கோணம் மிஞ்சும். இதே மடிப்பை மேலே ஒன்று, கீழே ஒன்று என்பதற்குப் பதில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று போட்டால் கோணம் 36 டிகிரிக்குப் போகுமாம். (180 − x) ÷ 4 = x, கணக்கு ஒத்துவருகிறது; பிழை கால்வாசியாகச் சுருங்கும் என்பதால் இன்னும் வேகமாகவே போக வேண்டும். அதிலிருந்து ஐங்கோணம் கட்டலாம்.

நேற்றையதற்கு இன்னும் நிறமே தீட்டவில்லை. மூன்று முகமும் வெள்ளையாக இருப்பதால் வீட்டில் யாரிடம் காட்டினாலும் என்ன மாறியது என்று கேட்கிறார்கள். முதலில் அதை முடிக்க வேண்டும். ஆனால் 20 மி.மீ. பட்டையை வெட்டியாகிவிட்டது, நான்கு மடிப்பும் போட்டாகிவிட்டது.