இன்சோல் தேய்ந்துபோனதை எப்படிக் கண்டுபிடித்தேன்

குதிகால் வலிக்காக, ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் இன்சோலை அளவெடுத்துச் செய்து சில வருடங்களாகப் போட்டு நடக்கிறேன். போட்ட புதிதில் விட்டுப்போன வலி மெல்லத் திரும்பி வந்தது. காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில்தான் முதலில் தெரிந்தது. அப்புறம் சாயங்காலமானால் வலது முழங்காலிலும் ஒரு குடைச்சல். எடை கூடவில்லை, நடையும் கூடவில்லை, ஷூவும் அண்மையில் வாங்கியதுதான். சந்தேகம் இன்சோல் மேல் போனது.

இரண்டையும் வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். மேலுறை குதிகால் பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஓரத்தை விரலால் அழுத்தியதும் வலது இன்சோல் ஆடியது. கவிழ்த்துப் பார்த்தால், குதிகாலுக்கு அடியில் ஒட்டியிருக்கும், ஈவிஏ என்ற ஒருவகை நுரையில் செய்த கட்டை உள்பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தது. குதிகால் சாயாமல் பிடிப்பதே அந்தக் கட்டைதான். அது தேய்ந்தால் பாதம் உள்பக்கம் சாயும், முழங்காலும் கூடவே திரும்பும். பாத வளைவைத் தாங்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். இடது விறைப்பாக நின்றது, வலது சட்டென்று அமுங்கியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது அதே இடத்தில், மேலுறைக்கு அடியில் வளைவைத் தாங்கும் பிளாஸ்டிக்கில் முடி போல ஒரு வெள்ளைக் கோடு.

பாத நிபுணரிடம் போனபோது பழைய இன்சோலையும் தினமும் போடும் ஷூவையும் கையோடு கொண்டுபோனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். என் ஷூவின் குதி அதற்குள் உள்பக்கம் தேய ஆரம்பித்திருந்ததை அவர்தான் காட்டினார். மேலுறையோ குதிக்கட்டையோ மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாமாம். வெள்ளைக் கோடு விழுந்த பிளாஸ்டிக் விரிசலுக்குத் தயாராகிவிட்டது, புதிதுதான் வேண்டும் என்றார்.

கடையில் வாங்கும் நுரை இன்சோலுக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம், அளவெடுத்துச் செய்ததற்கு 2 முதல் 5 வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். காலண்டரை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவருக்கும் உட்கார்ந்தே இருப்பவருக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? பிரசவம், அறுவை சிகிச்சை, எடை மாற்றம் இவற்றுக்குப் பிறகு பாதத்தின் வடிவமே மாறலாம். அப்போது தேயாத இன்சோல்கூடப் பொருந்தாமல் போகும்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வலி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. அவர்களுக்கு வலி தெரியாமலே புண் வந்துவிடும். ஷூ போடும் முன் தினமும் உள்ளே கையை விட்டு, எங்காவது பள்ளமோ மடிப்போ இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

எனக்கு மறுபடி அச்செடுத்துப் புது ஜோடி செய்து கொடுத்தார்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார்கள். கெண்டைக்காலில் லேசான அசதி இருந்தது, அது போய்விட்டது. வளைவின் ஓரம் மட்டும் தோலை உரசிக்கொண்டே இருந்ததால் திரும்பக் கொண்டுபோனேன். அந்த ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்து கொடுத்தார்கள். இப்போது முழு நாளும் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன்.