சீத்தா பழுக்கும் வரை

அக்டோபர் 8, புதன்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

இன்றும் இல்லை. அப்பச்சி (அப்பா) காலையில் அரை இட்லிதான் சாப்பிட்டார். ஆத்தா தட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எடுத்துப் போனாள். தம்பி ராத்திரி பல்லவன் ரயிலில் குடும்பத்தோடு வருகிறான். அவனிடம் எப்போது சொல்வது?

அக்டோபர் 12, ஞாயிறு

எல்லோருமாகத் தோட்டத்துக்குப் போனோம். அப்பச்சி வர வேண்டாம் என்றேன். "சீத்தாவ நீங்களா பார்த்துப் பறிச்சிருவீகளா?" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

மொத்தம் 11 மரம், எங்கள் தாத்தா வைத்தது. இந்தச் செம்மண்ணில் யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஆடு இலையைக் கடிக்காது என்பதால் வேலியும் கிடையாது. பிள்ளைகள் துரட்டி கேட்டார்கள். எதற்கு, கைக்கே எட்டுகிறது.

கண் திறந்த காயைத்தான் பறிக்க வேண்டும். மேலே உள்ள கண்கள் நெருக்கமாக ஒட்டியிருந்தால் பிஞ்சு. கண்ணுக்குக் கண் இடைவெளி விட்டு, நடுவில் வெளுத்து மஞ்சள் காட்டினால் பறிக்கலாம். முந்திப் பறித்தால் கறுத்துச் சுருங்கும், பழுக்காது. பிந்தினால் அணில் கொண்டுபோகும், இல்லையென்றால் ஒரு மழைக்கு வெடித்துவிடும். மூத்தவள் ஒவ்வொரு காயாகத் தொட்டு "ஐயா, இது?" என்று கூவ, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே "அத விடு, நாலு நாள் போகட்டும்" என்கிறார். அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறதோ.

நாலு நாள். மதுரையிலும் அதைத்தான் சொன்னார்கள். இன்றோடு ஒன்பது.

மரத்திலேயே பழுத்தது ஒன்று கிடைத்தது. பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். கொட்டையைக் கடிக்காதே, கண்ணைக் கசக்காதே என்று ஆத்தா பின்னாலேயே ஓடினாள். அந்தக் காலத்தில் பேனுக்கு அரைத்துத் தேய்ப்பது அந்தக் கொட்டையைத்தான், கண்ணில் பட்டால் ஆபத்து. அப்பச்சிக்கு ஒரு சுளை நீட்டினேன். வேண்டாம் என்றுவிட்டார்.

இரண்டு ஓலைக் கொட்டான் நிறைய, 43 காய்.

அக்டோபர் 13, திங்கள்

விடியற்காலையில் பிள்ளைகள் தாயோடு கிளம்பிவிட்டார்கள். தம்பி மட்டும் இருக்கிறான். கொஞ்சம் காயை அரிசிப் பானைக்குள் புதைத்தோம், மீதி வீட்டின் இரண்டாங்கட்டுப் பகுதியில் வைக்கோலுக்குள். பிரிட்ஜில் வைத்தால் என்ன என்றான் தம்பி. பழுக்காத சீத்தா குளிரில் கறுத்துப்போகுமடா.

முகப்புத் திண்ணையில் வைத்து அவனிடம் சொல்லிவிட்டேன். வெகுநேரம் தூணைப் பிடித்தபடி நின்றான்.

அக்டோபர் 14, செவ்வாய்

அமுக்கிப் பார்த்தேன். கல்.

அக்டோபர் 15, புதன்

காலையில், மதியம், விளக்கு வைத்த பிறகு. அரிசிக்குள் கையை விட்டு விட்டு எடுக்கிறேன். "நீ அமுக்கியே கன்னிப்போக வச்சிருவ போல" என்கிறாள் ஆத்தா. போனையும் அப்படித்தான் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

மூன்று பழுத்துவிட்டன!

அப்பச்சி ஒரு பழம் முழுசாகச் சாப்பிட்டார். முழுசாக. பத்து நாளில் அவர் ஒன்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது இதுதான். கொட்டைகளைத் தட்டின் ஓரமாக அடுக்கி வைத்திருந்தார். எண்ணினேன், 38.

"கழுவி வையித்தா. கீழ மூலையில ஊனணும். காய்க்க மூணு நாலு வருஷம் ஆகும்."

சரி அப்பச்சி என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

காலையிலிருந்து மழை. கொட்டைகளை ஊற வைத்திருக்கிறேன். பத்தே முக்காலுக்கு மதுரை நம்பர் வந்தது. தம்பிதான் எடுத்தான், முகப்புக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறான். வளவு முற்றத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அப்பச்சி இன்னொரு பழம் கேட்கிறார்.