பதினொரு பேருக்கு ஒரு படம்

நேற்று யாழ்ப்பாணம் டவுன் தியேட்டரில் பின்னேரக் காட்சிக்குப் போனேன். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். ரிக்கற் கிழிக்கிற ஐயா வாசலில் கதிரையைப் போட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்துப் பேரெண்டாலும் ஏசி போடத்தானே வேணும் தம்பி" என்றார். எனக்கு மனசு தாங்கவில்லை.

வெலிங்டன், வின்சர், றீகல், ராணி, சிறிதர் என்று எத்தனை தியேட்டர்கள் இருந்த யாழ்ப்பாணம் இது! 1990இல் மின்சாரமே இல்லாமல் போனது. யுத்தம் பலதை மூடவைத்தது. பிறகு 2022இல் மின்வெட்டும் டீசல் தட்டுப்பாடும். இப்போது பெரிய நடிகரின் படமென்றால் முதல் மூன்று நாள் சனம் முட்டி வழியும், அப்புறம் கதிரைகள் காலி. கரண்ட் பில் மட்டும் குறையாது.

இடைவேளையில் கச்சான் வாங்கினேன். பேப்பர்ச் சுருள் கையில் சுட்டது. அம்மா, சித்தி, நாங்கள் நாலு பிள்ளைகள் என்று ஒரு வரிசையையே பிடித்து இருந்த ஞாபகம் வந்தது. படத்தின் கடைசிக் கட்டத்தில் முன்வரிசையில் யாரோ ஒரு அக்கா மூக்கை உறிஞ்சி அழுதா. எனக்கும் கண் கலங்கியது. போனில் தனியாகப் பார்க்கும்போது இது கிடைப்பதில்லை.

சனிக்கிழமை வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன். பல்கனியில் இடம் இருக்கிறது, வாங்கோ.